எண்பதாவது ஆள்

போன வாரம் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே கண்ணாடிக்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கண் பரிசோதிக்கிற நாற்காலியில், அவருக்கு எதிரே, சட்டசபைக் காவலர்களில் மூத்தவர் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். காலையிலிருந்து கண்ணாடிக்காரரும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். நகரத்தை ஒட்டிய இந்தப் புறநகர், சட்டசபைக் கணக்கில் நாற்பத்தேழாம் தொகுதி. கண்ணாடிக்காரரின் மனைவிதான் அதன் உறுப்பினர். தொகுதியை மூன்று துண்டாக வெட்டிப் பக்கத்துத் தொகுதிகளோடு ஒட்டிவிட ஆளும் கட்சி ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறது. எல்லையை மாற்றுகிற மசோதா என்பதால் சபையில் எண்பது பேர் இருந்தாக வேண்டும். ஆளும் கட்சியிடம் இருப்பதோ எழுபத்தொன்பது. இன்று மாலை நாலு மணியோடு சபையின் கூட்டத்தொடர் முடிகிறது. அதுவரை எண்பதாவது ஆள் கிடைக்காவிட்டால் மசோதாவும் அதோடு போய்ச் சேரும்.

ஆகவே எதிர்க்கட்சிக்காரர்கள் நாற்பத்தோரு பேரும் நேற்று சாயங்காலம் போன்களை வீட்டில் வைத்துவிட்டு, ஒரே பஸ்ஸில் மாநில எல்லையைத் தாண்டப் புறப்பட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் காவலர்கள் அவர்களைத் தொட முடியாது. நாற்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். நம் உறுப்பினர் மட்டும், மூன்றாம் குறுக்குத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டதாக ஓர் அம்மாள் ஜன்னலைத் தட்டிச் சொன்னதற்காக பஸ்ஸை விட்டு இறங்கினார். இருபது நிமிடம் நின்று கேட்டார். பஸ் எத்தனை நேரம் காத்திருக்கும்? மற்றவர்கள் எல்லையைத் தாண்டினார்கள், நம் அம்மாவால் சாக்கடையைத் தாண்ட முடியவில்லை.

மாநிலத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்ட ஒரே ஆள். அவரைப் பிடித்துவந்து சபையில் நிறுத்த உத்தரவோடு இன்று காலை வந்தவர்கள் நாலு பேர். வாசலில் ஒருவர், பின்பக்கச் சந்தில் ஒருவர், கடைக்குள் மூத்தவர். நாலாவது ஆள் உறுப்பினரின் சொந்தத் தம்பி.

"அத்தான், தண்ணி குடிச்சீங்களா?" என்று தம்பி கேட்டான். காலையிலிருந்து அவன் பேசியது இவ்வளவுதான்.

"குடிச்சேன் மாப்ள."

குடிக்கவில்லை. மனைவி எங்கே இருக்கிறாள் என்பது இந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நேற்று இருட்டுவதற்குள் அவள் போன் செய்து இரண்டே வாக்கியம் பேசினாள். "கணக்கு டீச்சர் வீட்டுல இருக்கேன். என்ன ஆனாலும் சொல்லாதீங்க, என்ன ஆனாலும்."

கணக்கு டீச்சர் என்பவர் வேறு யாருமில்லை. போன தேர்தலில் அறுபத்தொரு ஓட்டில் இவளிடம் தோற்ற ஆளும் கட்சி வேட்பாளர். இரண்டு வருடமாக இரண்டு பேரும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள். அந்த வீட்டில் போய் யாரும் தேடமாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் அந்த டீச்சர் வாயைத் திறந்துவிட்டால்? அதை நினைத்துத்தான் கண்ணாடிக்காரர் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

மணி ஒன்று.

கண்ணாடி ஷோகேஸின் மேல் வரிசையாக வைத்திருந்த போன்களில் ஒன்று கிணுகிணுவென்று அலறியது. வீட்டிலுள்ளவர்களின் போன் எல்லாம் காவலர் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அலறியது மனைவியின் போன். நேற்று அணைத்து வைத்துவிட்டுப் போனதை, யாராவது கூப்பிடுவார்களோ என்று பதினோரு மணிக்குத்தான் மூத்தவர் உயிர்ப்பித்திருந்தார்.

"யாரு?" என்று அவர் எம்பிப் பார்த்தார்.

"யாருமில்ல, அலாரம்" என்றாள் மகள். பதினாறு வயது. வீட்டில் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் வக்கீல் என்று பெயர். "அம்மாவோட ஊசி டைம்."



ஊசி. பதின்மூன்று வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை. மாத்திரையில் அடங்குகிற ரகம் இல்லை, வேளாவேளைக்கு இன்சுலின் ஏறியாக வேண்டும். தினமும் ஃப்ரிட்ஜிலிருந்து ஊசிப் பையை எடுத்து அவள் கைப்பைக்குள் வைப்பது அவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து மறந்ததில்லை. நேற்றும் வைத்தார். வைத்துவிட்டு, கைப்பையை அவரே பஸ்ஸில் ஏறி அவள் சீட்டில் வைத்தார்.

அவள் சாக்கடையைப் பார்க்க இறங்கினாள். பை இறங்கவில்லை. பை இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறது.

நேற்று இரவு ஒன்று. இன்று காலை ஒன்று. இப்போது ஒன்று. மூன்று வேளை. போன தேர்தல் அலைச்சலில், பை கையில் இருந்தும் இரண்டு வேளை போடாமல் விட்டதற்கே மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அன்றைக்கு டாக்டர் சொன்ன வார்த்தை அவர் காதில் அப்படியே ஒலித்தது. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா நீங்க வந்தே பிரயோஜனம் இல்ல.

அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆஸ்பத்திரிக்கோ மருந்துக் கடைக்கோ போனால் காவலர் கண்ணில் பட்டுவிடும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் நாலு மணி வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். அவருக்கு வந்த கோபத்தில் ஷோகேஸை உடைக்கலாம் போலிருந்தது. அடுத்த நிமிடமே கோபம் வடிந்துவிட்டது.

"அப்பா" என்று வக்கீல் அவர் காதோரம் குனிந்து மெல்ல அழைத்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. "பை... பஸ்ஸுலதானே?"

"உள்ளே போ."

"அப்பா, ஃப்ரிட்ஜுல இன்னொரு ஊசி இருக்கு. எங்கேன்னு சொல்லுங்க, நான் ஓடிப் போய்..."

"உள்ளே போன்னு சொல்றேன்ல!"

மகளை அவர் இப்படி அதட்டியதே இல்லை. அவள் முகம் சுருங்கிப்போய் உள்ளே போனாள். போகட்டும். காலையில் அவள் பேனா வாங்கத் தெருமுனைக்குப் போனபோதே வாசல் காவலர் பின்னாலேயே போய்வந்தார். இந்த வீட்டிலிருந்து ஒரு பூனை கிளம்பினாலும் அதற்குப் பின்னால் ஒரு காவலர் போவார்.

தம்பி சுவரோரம் நின்றபடி ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்றே முக்காலுக்கு கண்ணாடிக்காரரின் போன் அடித்தது. தெரியாத எண். மூத்தவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, பேசு என்று சைகை காட்டினார்.

"கண்ணாடிக் கடைங்களா?" பெண் குரல். வகுப்பெடுத்துப் பழகிய, அழுத்தந்திருத்தமான குரல். "போன வாரம் கண்ணாடிக்குக் குடுத்துட்டுப் போனேனே. ரெடியா?"

குரல் யாருடையது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. கணக்கு டீச்சர் இந்தக் கடைப் படியை மிதித்ததே கிடையாது.

"இன்னும்... இன்னும் வரலைங்க."

"அவசரமா வேணும் சார். காலையிலேருந்து பார்வை மங்குது. ரெண்டு தடவை வாந்தி. மூச்சு வேற ரொம்ப ஆழமா, வேகமா வாங்குது. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் தாங்கும்னு எனக்குத் தோணலை. நீங்க ஏதாவது பண்ணணும்."

"பார்க்கிறேங்க."

"பார்க்கிறேன்னா? சீக்கிரம் பாருங்க."

போன் வைக்கப்பட்டது. மூத்தவர் உதட்டைப் பிதுக்கினார். "கண்ணாடி மாத்தலைன்னா வாந்தி வருமா சார்?"

"சிலருக்கு... வரும்" என்றார் கண்ணாடிக்காரர். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"நீங்க செய்ற லேட்டுக்கு நாங்கதான் அவஸ்தைப்படணும்" என்று தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார் மூத்தவர். அதோடு அவருக்கு அந்த விஷயம் முடிந்துபோனது.

தம்பிக்கு முடியவில்லை. பத்து வயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அக்கா கூடத்தில் இதே மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தவன் அவன். ஊசி போடக் கற்றுக்கொண்டதும் அந்த வருஷம்தான். "சார், உள்ளே போய்த் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கண்ணாடிக்காரரும் பின்னாலேயே எழுந்து போனார். மூத்தவர் தடுக்கவில்லை. வீட்டுக்குள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்?

சமையலறையில் வக்கீல் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் ஊசி மருந்துப் பெட்டி.

"அத்தான்" என்று தம்பி கிசுகிசுத்தான். "பேசினது அக்காவைப் பத்தித்தானே?"

அவர் மகள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"எங்கேன்னு எங்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா எனக்கு வேற வழி கிடையாது. கூட்டிட்டுப் போயாகணும்."

"நீ மட்டும் போய் ஊசியைப் போட்டுட்டு வந்துடு மாப்ள. யாருக்குத் தெரியப்போகுது?"

"நான் ஒத்தையா எங்கேயும் நகரக்கூடாது. எனக்கு மட்டும் அப்படி உத்தரவு. எங்கே போனாலும் சாரும் கூட வருவாரு. உறவுக்காரன்னு தெரிஞ்சுதான் என்னை இங்கே அனுப்பியிருக்காங்க. நீங்க அசந்து என்கிட்ட சொல்லிடுவீங்கன்னுதான்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சொல்லாதீங்க அத்தான். அக்கா என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டா."

"சரி."

"ஆழமா மூச்சு வாங்குதுன்னாங்களே..." அவன் குரல் உடைந்தது. "அப்புறம் மயக்கம்தான் அத்தான். அப்புறம் எழுப்பினாலும் எழுந்திருக்கமாட்டா. சொல்லிடுங்க அத்தான். தயவுசெய்து சொல்லிடுங்க."

கண்ணாடிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு அடிக்க இரண்டு நிமிடம். நாலு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம். அவள் இரண்டு வருடம் தெருத்தெருவாக அலைந்து கட்டிக் காத்த தொகுதி. பஸ்ஸில் போன நாற்பது பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். என்ன ஆனாலும் என்று இரண்டு தடவை சொன்னாளே, ஒரு தடவை சொன்னால் இவர் கேட்கமாட்டார் என்று தெரிந்துதானே இரண்டு தடவை சொன்னாள்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவள், இப்போது மருந்துப் பெட்டியை மட்டும் நீட்டினாள்.

தொகுதி போனால் போகட்டும் என்று அவர் மனது சொன்னது. அவள் இல்லாமல் இந்த வீட்டுக்குள் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். முழுதாக ஒரு நொடிகூட நினைக்க முடியவில்லை.

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்" என்றார். "கணக்கு டீச்சர் வீடு."

வக்கீல் கண்களை இறுக மூடிக்கொண்டாள். தம்பி மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு கடைப் பக்கம் ஓடினான். மூத்தவரிடம் அவன் விலாசம் சொல்லும் சத்தமும், நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தமும் கேட்டன.

டீச்சர் கதவைத் திறந்தபோது கையில் ஈரத் துண்டு இருந்தது. வாசலில் சீருடையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பின்னால் நின்ற கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் இன்னும் மாறியது. ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார்.

டியூஷன் நடக்கும் அறை. கரும்பலகையில் பாதிக் கணக்கு. மாணவர்கள் உட்காரும் பெஞ்சுகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, மேலே போர்வை விரித்து அவளைப் படுக்கவைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. மார்பு ஏறி ஏறி இறங்கியது. பக்கத்தில் ஒரு பக்கெட், ஒரு குவளை, பெயர் தெரியாத பிஸ்கட் பாக்கெட் ஒன்று, பிரிக்காமல்.

தம்பி மண்டியிட்டு, அக்காவின் கையைத் துடைத்து ஊசியைப் போட்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் சார்" என்றான். "ஊசி மட்டும் பத்தாது. சலைன் ஏத்தணும்."

"சபையிலேயே டாக்டர் இருக்காரு" என்றார் மூத்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது, முகத்தில் சங்கடம் தெரிந்தது. ஆனால் கண் கடிகாரத்துக்குப் போனது. "இங்கேருந்து முக்கால் மணி நேரம். உள்ளே உட்காரக்கூட வேண்டாம். வாசப்படியைத் தாண்டினா போதும், எண்ணிக்கை சேர்ந்துடும். வண்டியைக் கொண்டு வரேன்."

அவர் வெளியே போன சத்தத்தில் அவள் கண் திறந்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் சீருடையைப் பார்த்தாள். கடைசியில் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் கண்ணாடிக்காரரால் நிற்க முடியவில்லை. ஆனாலும் நின்றார்.

"யார் சொன்னது?" என்றாள். குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

அவர் வாயைத் திறந்தார். நான்தான் என்ற ஒரு வார்த்தை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

"நான்தான்" என்றார் டீச்சர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். என் வீட்டுல ஒரு உசிரு போறதை என்னால பார்த்துட்டு இருக்க முடியாது." டீச்சர் துண்டைப் பிழிந்துகொண்டே, கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பாமலேயே பேசினார். "தொகுதியே இல்லாமப் போனா அடுத்த தடவை உன்னை எங்கே நின்னு தோக்கடிக்கிறதுன்னுதான் உள்ளே விட்டேன். நீ ஆளே இல்லாமப் போனா அப்புறம் யாரைத் தோக்கடிக்கிறது? திட்டணும்னா திட்டிக்கோ."

"உங்களை நம்பினது என் தப்பு" என்றாள் அவள். கண்ணோரம் நீர் வழிந்தது.

டீச்சரின் தாடை ஒரு முறை இறுகியது. அவ்வளவுதான். ராத்திரி முழுக்க இவள் வாந்தியை அள்ளிக் கொட்டிய பெண்மணி, அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு சும்மா நின்றார். கண்ணாடிக்காரருக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

இல்லை, நான்தான் சொன்னேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டால், பயம். காலையிலிருந்து அவள் செத்துவிடுவாளோ என்று பயந்தவர், அவள் பிழைத்துக்கொள்வாள் என்று தெரிந்ததும், பிழைத்தவள் தன்னை எப்படிப் பார்ப்பாளோ என்று பயந்தார். இரண்டாவது பயம் முதலாவதற்கு இளைத்ததாக இல்லை.

வண்டியின் பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டார். தம்பி ஓட்டினான். மூத்தவர் முன்சீட்டில், மடியில் உத்தரவுக் காகிதத்தோடு. ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டே முக்கால். கேட் திறந்ததும் இடது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி. நேரே போனால் சபை. தம்பி இண்டிகேட்டர் எதுவும் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

அவள் கை தேடி வந்து அவர் கையைப் பிடித்தது. பிடியில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"என்னங்க."

"பேசாதே. மூச்சு வாங்குது."

"ராத்திரியெல்லாம் ஒரே பயம். உடம்பைப் பத்தி இல்ல. நீங்க பயந்தாங்கொள்ளி. எனக்கு ஒண்ணுன்னா தாங்கமாட்டீங்க, சொல்லிடுவீங்கன்னு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்க சொல்லலை. கூடப் பொறந்தவன் சீருடையில வந்து நிக்கிறான். டீச்சர் காட்டிக் குடுத்துட்டாங்க. நீங்க ஒருத்தர் சொல்லலை. அது போதும் எனக்கு."

கண்ணாடிக்காரர் அவள் நெற்றியைத் தடவினார். பிறகு ஆமாம் என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் தம்பியின் கண்கள் அவரைப் பார்த்தன. உடனே விலகிக்கொண்டன.

முன்சீட்டில் மூத்தவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். யார் என்ன பொய் சொன்னார்கள் என்று எதுவும் அறியாத மனிதர். வெளியே வண்டியைக் கொண்டுவரப் போயிருந்தவர்.

"டீச்சரா?" என்று அவர் திரும்பிப் பார்த்தார். "டீச்சர் எங்கேம்மா சொன்னாங்க?"